சங்கு ஊதிய புதன்கிழமை

"எண்பத்து மூணு ஜூலைல அவங்கவங்க எங்க இருந்தீங்க? ஒரு வரியாவது எழுதுங்க." சென்ற ஜூலை 25ஆம் தேதி காலையில், நம் தோட்டப் பள்ளிக்கூடத்து வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் இந்தச் செய்தி வந்தது. அனுப்பியவள், தமிழருக்கு எதிரான அந்த ஜூலைக் கலவரத்துக்கு மறு வருஷம் இந்தியாவுக்குக் கப்பலேறிப்போய் இப்போது கோத்தகிரியில் இருக்கும் நம் தோழி. ஒருவர் ஹட்டன் பஜாரில் இருந்ததாக எழுதினார். ஒருவர் தம்பியைப் பார்த்துக்கொண்டு கைக்குழந்தைகளை விடும் புள்ளக்காம்பராவில் இருந்ததாக எழுதினார். பிறகு அந்தச் சண்டை தொடங்கியது. சங்கு விட்டு விட்டு ஊதியது என்றார்கள் சிலர். இல்லை, ஒரே இழுப்பு என்றார்கள் மற்றவர்கள். யாரோ ஒருவர் ரோஜாப்பூப் படத்தோடு காலை வணக்கம் அனுப்பியதும் சண்டை நின்றுபோனது.

நான் அப்போது எதுவும் எழுதவில்லை. ஒரு வரியில் அடங்காது என்பதால் இங்கே எழுதுகிறேன். எதற்கெடுத்தாலும் தேதி கேட்கிறவள் என்று நீங்கள் என்னைக் கேலி செய்வது எனக்குத் தெரியும். ஆகவே கண்டதைக் கண்டது என்றும் கேட்டதைக் கேட்டது என்றும் பிரித்தே சொல்கிறேன். தோட்டத்தின் பெயரைச் சொல்லவில்லை. நோட்டன் பிரிட்ஜ் போகிற பக்கம் என்றால் உங்களுக்குப் போதும்.

உங்கள் பிள்ளைகளும் வாசிக்கக்கூடும் என்பதால் சங்கைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். தேயிலைத் தொழிற்சாலையை நாம் ஸ்டோர் என்போம். அது மேட்டில் இருந்தது. அதன் தகரக் கூரைக்கு மேல் சங்கு இருந்தது. உள்ளே தொங்கிய சங்கிலியை இழுத்தால் மூன்று மலைக்குக் கேட்கும். விடியற்காலையில் ஊதினால் பெரட்டு, அதாவது வேலைக்கு ஆள் பிரிக்கக் கூடுவது. மத்தியானமும் பின்னேரமும் ஊதினால் கொழுந்து நிறுவை. இவை எல்லாம் ஒரே நீண்ட ஊதல். விட்டு விட்டு ஊதினால் ஸ்டோரில் நெருப்பு, எல்லாரும் வாளியோடு ஓடிவர வேண்டும். நம் அம்மாமார் உலை வைத்ததும், நாம் பள்ளிக்கூடம் கிளம்பியதும், பால்குடிப் பிள்ளைகள் விழித்ததும் அந்தச் சத்தத்துக்குத்தான். வரிசை வீடுகளான நம் லயத்தில் யார் வீட்டிலும் கடிகாரம் கிடையாது.

சங்கிலியை இழுப்பவர் இன்ஜின் பாஸ். பாஸ் என்றால் சிங்களத்தில் கைவினைஞர், மெக்கானிக் மாதிரியானவர்களுக்குச் சொல்லும் மரியாதைப் பெயர். சிங்களவர், முப்பது வயதிருக்கும். ஸ்டோருக்குப் பின்னால் ஒற்றைக் குவார்ட்டஸில் தனியாக இருந்தார். சித்திரைப் புத்தாண்டுக்கு மட்டும் ஊருக்குப் போய் பலகாரத்தோடு வருவார். நாம் ஜன்னலில் தொற்றி இன்ஜினைப் பார்ப்போமே, அப்போது, "நங்கி, காது மூடு. யக்கா கத்தப் போறான்" என்பார். நங்கி என்றால் தங்கச்சி, யக்கா என்றால் பேய். நாம் காதை மூடிக்கொண்டு சிரிப்போம். சங்கு ஓய்ந்த பிறகும் கொஞ்ச நேரம் அவர் வாயை மட்டும் அசைத்துப் பேசுவது போல நடிப்பார். செவிடாகிவிட்டோம் என்று நினைத்து நம்மில் ஒருத்தி அழுதது உங்களுக்கு நினைவிருக்கும்.

அந்த ஆண்டு ஜூலையில் நம் பக்கம் மழை விடவேயில்லை. அட்டை ஏறாமலிருக்க அம்மா காலில் சவர்க்காரக் கட்டியைத் தேய்த்துக்கொண்டு மலைக்குப் போவாள். இடுப்பில் கட்டும் படங்கு காயாமல் அடுப்புக்கு மேலேயே தொங்கும். வீடு முழுக்க அந்த ஈரச் சாக்கு நாற்றம். அந்த ஒற்றை அறைக் காம்பராவில் எங்களோடு என் சித்தியும் இருந்தாள், அம்மாவின் தங்கை. ஆவணியில் அவளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை திம்புள்ளப் பக்கம். ஒவ்வொரு நாள் காலையிலும் தலையில் மழைக்குப் போடும் கொங்காணியை இழுத்துவிட்டுக்கொண்டு என்னைக் கேட்பாள்.

"ஏய் கலண்டரு, இன்னைக்கு என்னா கெழம?"

நான் கிழமையையும் சொல்லி ஆவணிக்கு எத்தனை நாள் இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். தேதி பார்க்கிற பழக்கம் எனக்கு அவளால் வந்தது.

திங்கட்கிழமை பெரிய வாத்தியார் நம்மைப் பாதியிலேயே வீட்டுக்கு அனுப்பினார். கொழும்பில் கடைகள் எரிகின்றன என்று ரயிலில் வந்த யாரோ வட்டவளையில் சொல்லி, அது றொசல்ல வழியாக லயத்துக்கு வந்துவிட்டது. வானொலியில் ஊரடங்கு என்று மட்டும் சொன்னார்கள். செவ்வாய்க்கிழமை எதுவும் நடக்கவில்லை. மறுநாள் காலை சித்தி கேட்டாள். நான், "புதன்" என்றேன். சிலர் வியாழன் என்கிறார்கள். நான் மாற்றிக்கொள்வதாக இல்லை. அவள் கேட்டு நான் கடைசியாகச் சொன்ன கிழமை அதுதான்.

அன்றைய பெரட்டில் நடந்ததை அம்மா சொல்லிக் கேட்டிருக்கிறேன். மலைக்குப் போகப் பெண்கள் தயங்கினார்கள். வேலையை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளை குடைக்குள் நின்றுகொண்டு, "ஊரடங்கு ரோட்டுக்குத்தான். கொழுந்துக்கு இல்ல. போங்க, போங்க" என்றார்.

"ஐயா, கொழும்புல ஆளுங்கள உசுரோட கொளுத்துறாங்களாம்."

"கொழும்பு எங்க கெடக்கு, நாம எங்க கெடக்கோம்? சரி, இன்னைக்கு நேரத்தோட நிறுத்துருவோம். சங்கு கேட்டதும் எறங்கி வந்துருங்க."

நேரத்தோடு நிறுத்துவோம், சங்கு கேட்டதும் இறங்கி வாருங்கள். இந்த வார்த்தைகளை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பள்ளிக்கூடம் இல்லாததால் மலைக்குத் தேத்தண்ணீர் கொண்டுபோகும் வேலை எனக்கு. சாராயப் போத்தலில் ஊற்றி, கடதாசியைச் சுருட்டி அடைத்து, பழைய துணியில் சுற்றிக்கொண்டு போனேன். போய்ச் சேர்ந்தபோது மிஸ்ட் என்று நாம் சொல்லும் மூடுபனி இறங்கி, ஒரு தேயிலை நிரைக்கு அடுத்த நிரை தெரியவில்லை. அம்மாவையும் சித்தியையும் குரலை வைத்துத்தான் கண்டுபிடித்தேன். அம்மா முதல் மிடறு குடித்தாளா என்பது நினைவில்லை. அப்போது சங்கு ஊதியது.

எப்படி ஊதியது என்று என்னைக் கேட்காதீர்கள். போத்தல் என் கையில் அதிர்ந்தது எனக்குத் தெரியும். மேலும் நம் மலையில் காற்று வெட்டினால் நீண்ட ஊதலும் விட்டு விட்டுத்தான் கேட்கும். சாட்சி சொல்ல நான் தகுதியானவள் இல்லை.

"என்னாக்கா, அதுக்குள்ள ஊதிட்டான்" என்றாள் சித்தி. "இந்த நெரைய முடிச்சுட்டுப் போவோம்."

"கணக்கப்புள்ள சொன்னாருல்ல, நேரத்தோடன்னு. வாடி. பிந்துனா அரைப்பேரு போட்டுருவான்."

அரைப்பேர் என்றால் பாதி நாள் சம்பளம். கல்யாணத்துக்கு நிற்கிற பெண் அதற்கு மேல் வாதாட முடியாது. சித்தி கூடையைக் குலுக்கிக் கொழுந்தை அமுக்கினாள்.

"சரி, கால் வலியோட நீ நொண்டிக்கிட்டே வா. நான் முன்னுக்குப் போயி எடம் புடிக்கிறேன். ஏ கலண்டரு, உங்கம்மாவ உருட்டிக்கிட்டாவது வந்து சேரு!"

அவள் குறுக்குப் பாதையில் இறங்கினாள். மற்றப் பெண்களும் மேல் மலையிலிருந்து வரிசையாக இறங்கினார்கள். நானும் அம்மாவும் பின்னால் இறங்கினோம், கீழே வர வர மிஸ்ட் மெலிந்தது. சங்கு நிற்கவில்லை. கொழுந்து நிறுக்கும் மடுவம் ரோட்டோரமாக இருந்ததும், அதன் பக்கத்தில் தோட்டத்துக் கடை இருந்ததும் உங்களுக்குத் தெரியும். மிஸ்டுக்குள் அந்தப் பக்கம் ஒரு லொறி நின்றது. "கொழுந்து லொறியும் வந்துருச்சுக்கா!" என்று சித்தி கீழேயிருந்து கத்தினாள். நான் அவள் குரலைக் கேட்டது அதுதான் கடைசி. கடையின் மேல் புகை தெரிந்தது. மழைநாளில் அடுப்புப் புகை எப்போதும் அப்படித்தான் கூரையில் படுத்துக்கிடக்கும். யாரும் அதைப் பார்த்து நிற்கவில்லை.

இனிமேல் சொல்வது நான் கண்டது.

மடுவத்துக்குள்ளிருந்து நம் தோட்டத்தில் இல்லாத ஆண்கள் வெளியே வந்தார்கள். கையில் பொல்லும் இரும்புக் குழாயும் வைத்திருந்தார்கள். ஒருவன் மண்ணெண்ணெய்த் தகரம் வைத்திருந்தான். முதலில் போன பெண்கள் திரும்பி ஓடப் பார்த்தார்கள். கூடைக் கயிறு தலையில் மாட்டியிருக்கும், பாரம் முதுகில் இருக்கும். நினைத்தவுடன் திரும்ப முடியாது. சித்தியின் கூடையை ஒருவன் பின்னாலிருந்து பிடித்தான். கூடையைப் பிடித்தால் தலையைப் பிடித்த மாதிரி. அவள் மல்லாந்து விழுந்தாள். கூடை அவளுக்கு அடியில் இருந்ததால் முழுவதும் விழாமல், நாற்காலியில் சாய்ந்தவள் போலக் கிடந்தாள். அவன் குழாயை இரண்டு கையாலும் தூக்கி முகத்தில் அடித்தான். அடுத்தவனும் வந்து அடித்தான். அவள் கையைத் தூக்கினாள், கையில் அடித்தார்கள். கை விழுந்ததும் திரும்பவும் முகத்தில்.

அதற்குள் அம்மா என்னைக் கானுக்குள் தள்ளி மேலே விழுந்தாள். தேயிலை நிரைகளுக்கு நடுவே மழைநீர் ஓடும் வாய்க்கால் அது. என் வாய்க்குள் சேறும் அவள் விரலும் இருந்தன. காதுக்குச் சத்தம் வந்துகொண்டிருந்தது. ஈரச் சாக்கைக் கல்லில் அடிப்பது போன்ற சத்தம். கடைக்குள்ளிருந்து கடைக்காரர் கத்தியது, பிறகு கத்தாதது. இவற்றுக்கு மேலே சங்கு. அது ஊதிக்கொண்டே இருந்தது, மேல் மலையிலிருந்து இன்னும் பெண்கள் இறங்கிக்கொண்டே இருந்தார்கள்.

அடுத்த மலையில் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்த நம் அப்பாமார் கத்திகளோடு ஓடி வந்த பிறகு லொறி போய்விட்டது. கடைக்காரர் கடையோடு எரிந்துபோனார். சித்தியோடு இன்னொரு பெண்ணும் செத்துக்கிடந்தாள். சித்தியைச் சேலையை வைத்துத்தான் அடையாளம் கண்டார்கள். கூடைக் கயிறு தலையிலேயே இருந்தது. அம்மா அதை எடுக்கப் பார்த்தாள். அது மண்டைக்குள் பதிந்திருந்தது. என் கையில் போத்தல் உடையாமல் இருந்தது. உள்ளே தேத்தண்ணீர் இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. அதை எங்கே போட்டேன் என்று தெரியவில்லை. அன்றைய கொழுந்தை யாரும் நிறுக்கவில்லை. மழையில் கிடந்து மிதிபட்டுக் கறுத்தது.

அன்று பின்னேரம் எங்கள் வீட்டுத் திண்ணையான இஸ்தோப்பில் ஆண்கள் கூடினார்கள். நான் கதவோரம் அம்மாவின் மடியில் இருந்தேன். யார் எதைச் சொன்னார்கள் என்று எல்லாவற்றையும் பிரிக்க எனக்கு முடியாது. பேச்சு மட்டும் அப்படியே இருக்கிறது.

"நிறுவை நேரமா அது? எதுக்கு ஊதுனான்?"

"எதுக்குன்னு கேக்குறியா? அவனுங்களுக்குக் கூப்புட்டுக் குடுத்திருக்கான்."

"நெருப்புக்கு ஊதியிருப்பான்டா. கட எரிஞ்சுதில்ல?"

"நெருப்புக்குன்னா விட்டு விட்டுல்ல ஊதணும்? பொம்பளைங்களக் கேளு."

எல்லாரும் அம்மாவைப் பார்த்தார்கள். அம்மா, "ஒரே ஊதல்தான்" என்றாள். "நிறுக்கத்தான் ஊதுனான். நான் கேட்டேன்."

கணக்கப்பிள்ளையும் அங்கே நின்றார். நேரத்தோடு நிறுத்துவோம் என்று தானே காலையில் சொன்னதை அவர் சொல்லவில்லை. அன்று மட்டுமல்ல, பென்ஷன் வாங்கி ஊரைவிட்டுப் போகும்வரை சொல்லவில்லை. அப்பா எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார். மற்றவர்களும் எழுந்தார்கள். இருட்டுமுன் திரும்பி வந்து தண்ணீர்ப் பீலியில் கை கழுவினார்கள். அப்பா சட்டையோடு தண்ணீருக்கடியில் வெகுநேரம் நின்றார்.

அடுத்துச் சொல்வது நான் காணாதது. பல வருஷம் கழித்து அப்பா சொன்னது.

இன்ஜின் பாஸ் ஓடவில்லை. குவார்ட்டஸ் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இவர்களைக் கண்டதும் எழுந்து ஏதோ சொல்ல வாயைத் திறந்தார், விறகுக் கட்டையால் வாயிலேயே அடித்தார்கள். பிறகு, சங்கிலியை இழுத்த வலது கையை வாசற்படியில் நீட்டிப் பிடித்து, அதே கட்டையால் முழங்கைக்குக் கீழே அடித்து ஒடித்தார்கள். "கைய நான்தான் புடிச்சிருந்தேன்" என்றார் அப்பா. அதற்குப் பிறகு இன்ஜின் பாஸ் அழவோ கும்பிடவோ இல்லை. ஒரே சொல்லைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். "துவ, துவ." அப்பாவுக்குத் தெரிந்த சிங்களத்தில் துவ என்றால் மகள். "மகளச் சொல்லிக் கெஞ்சுறான்னு வெளங்குச்சு. அதோட விட்டுட்டோம். இல்லாட்டி கொன்னுருப்போம்."

மறுநாள் போலீஸ் ஜீப் வந்தது. இன்ஜின் பாஸைத் துணியில் கை கட்டி ஏற்றிப்போனார்கள். அவர் திரும்பி வரவேயில்லை. அப்பாவையும் வேறு சில ஆண்களையும் போலீஸ் கொண்டுபோனது. லொறியில் வந்தவர்களில் ஒருவரைக்கூட யாரும் தேடியதாகத் தெரியவில்லை. அப்பா ஆவணி பிறந்த பிறகு வந்தார். இடது காதில் அடித்து அடித்து அந்தக் காது போய்விட்டிருந்தது. அவரைக் கூப்பிட வேண்டுமானால் வலப்பக்கம் போய் நிற்க வேண்டும். சாகும்வரை அப்படித்தான். சங்கைப் பிறகு யாரும் ஊதவில்லை. பெரட்டுக்குத் தண்டவாளத் துண்டைத் தட்டினார்கள். சங்கை எப்போது கழற்றினார்கள் என்ற தேதி எனக்குக் கிடைக்கவில்லை. உங்களில் யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள்.

நான் அரசாங்க வேலைக்குப் போன பிறகு சிங்களச் சோதனை பாஸ் பண்ண வேண்டியிருந்தது. வகுப்புக்குப் போனேன். வினைச்சொற்கள் சொல்லிக்கொடுத்த நாளில் ஆசிரியை பலகையில் எழுதினார். துவனவா. ஓடுகிறேன், ஓடுகிறாய், ஓடுகிறார்கள், எல்லாவற்றுக்கும் பேச்சில் அதுதான். துவன்ன என்றால் ஓடுங்கள். பின்பாதியைத் துண்டித்தால் மிச்சம் இருப்பது துவ. மகளுக்கும் அதே எழுத்து, அதே சத்தம். பக்கத்திலிருந்தவள் என் முகத்தைப் பார்த்து, தண்ணீர் வேண்டுமா என்று கேட்டாள்.

அந்த வார இறுதியில் லயத்துக்குப் போனேன். அப்பாவின் வலப்பக்கம் உட்கார்ந்தேன்.

"அப்பா, அன்னைக்கு அந்தாளு துவன்னு மட்டுந்தான் சொன்னாரா? பின்னுக்கு வேற எதுவும் வரலையா?"

"பல்லு போயிருச்சுல்ல. வாய் பூரா ரத்தம். துவ துவன்னுதான் கேட்டுச்சு. ஏன்?"

சொன்னேன். துவன்ன என்றால் என்ன என்று சொன்னேன். அப்பா வாசலில் கோழி மேய்ந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அவனுக்கு மக இருந்திருக்கும்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு தடவையும் சொன்னார். "ஒரு மக இருந்திருக்கும் புள்ள."

அதன் பிறகுதான் சங்கைப் பற்றி எனக்குத் தோன்றியது. நீங்கள் குழுவில் இரண்டு நாள் சண்டை போட்டீர்களே, ஒரே ஊதலா, விட்டு விட்டா என்று. எதுவானால் என்ன? நீட்டி ஊதினால் பெரட்டுக்கு வா, நிறுவைக்கு வா. விட்டு விட்டு ஊதினால் நெருப்புக்கு வா. அந்தச் சங்குக்குத் தெரிந்ததெல்லாம் வா என்ற சொல்தான். ஓடு என்பதற்கு அதில் சத்தமே வைக்கவில்லை. தோட்டம் தொடங்கிய நாளிலிருந்து அதற்குத் தேவை வந்ததில்லை போலும். மேட்டில் நின்று லொறியையும் நெருப்பையும் கண்ட ஒரு மனிதர் நம்மை ஓடச் சொல்ல நினைத்திருந்தால், அவர் கையில் இருந்தது அந்தச் சங்கிலி ஒன்றுதான். நாம் இறங்கி வருவதைக் கண்டு பதறி மேலும் மேலும் இழுத்திருக்கவும் கூடும். நம்மைக் காட்டிக்கொடுக்க நினைத்திருந்தாலும் அதே சங்கிலிதான், அதே சத்தம்தான். இரண்டுக்கும் இடையே எனக்கு இருக்கும் ஒரே அடையாளம், உடைந்த வாயிலிருந்து வந்த அந்த ஒரு சொல்.

அம்மா இப்போது ஹட்டனில் என்னோடு இருக்கிறாள். காது இன்னும் நன்றாகக் கேட்கும். குழுவில் வந்த செய்திகளை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். விட்டு விட்டு ஊதியதாகச் சொன்னவர்களின் பெயரைக் கேட்டாள். "அதுங்க அப்ப சின்னப் புள்ளைங்க. ஒரே ஊதல்தான். நீட்டி" என்றாள். பிறகு கையிலிருந்த கீரையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்.

"உன் சித்தி நெரைய முடிச்சுட்டு வாறேன்னுதான் சொன்னா. நான்தான் வாடின்னேன்."

இன்ஜின் பாஸ் கூப்பிட்டுக் கொடுத்தவர் என்றால், சித்தியைக் கொன்றது அவர். இல்லையென்றால், தன் தங்கையை வாடி என்று அங்கே இறங்கவைத்தவள் அம்மா. அன்று பின்னேரம் இஸ்தோப்பில் அத்தனை ஆண்கள் திரும்பிப் பார்த்தபோது, அவளால் வேறு எதைச் சொல்லியிருக்க முடியும்? கணக்கப்பிள்ளை வாயைத் திறந்திருந்தால் அவள் தனியாக நின்றிருக்க மாட்டாள்.

கீரையை ஆய்ந்து முடித்த பிறகு அம்மா கேட்டாள். "நீதான் எல்லாத்தையும் தேடுறியே. அவனுக்கு மக இருந்துச்சான்னு கேட்டுப் பாத்தியா?"

கேட்டுப் பார்த்தேன். தோட்டம் கைமாறிவிட்டது. பழைய ஆட்கள் யாரும் ஆபீசில் இல்லை. இன்ஜின் பாஸின் ஊர் மாத்தறைப் பக்கம் என்கிறார் ஸ்டோரில் விறகு தள்ளிய ஒரு பெரியவர். குவார்ட்டஸ் சுவரில் தூக்கிவைத்த பிள்ளையோடு ஒரு பெண்ணின் படம் இருந்தது என்றும், அந்தப் பிள்ளை பெண்தான் என்றும் சொல்கிறார். ஸ்டோரில் தேயிலை சலித்த ஒரு அம்மா, ஊர் குருநாகல் என்கிறார். படத்தில் இருந்தது இன்ஜின் பாஸின் அக்காவும் அக்கா பிள்ளையும், அந்த மனிதர் கல்யாணமே செய்யாதவர் என்கிறார். இருவரும் தாங்கள் சொல்வதுதான் சரி என்று சத்தியம் செய்கிறார்கள்.

1983 ஜூலையில் இன்ஜின் பாஸுக்கு மகள் ஒருத்தி இருந்தாளா என்பதை, இதை எழுதும் இன்றுவரை என்னால் உறுதிப்படுத்த முடியவில்லை.